தலைமேல் தரிசு: வழுக்கைக்கான வருங்காலச் சிகிச்சைகள் எங்கே நிற்கின்றன?

காவிரியின் கடைமடைப் பகுதியில், பயிரில்லாத நிலத்தையெல்லாம் ஒரே சொல்லால் அழைத்துவிட மாட்டார்கள். தண்ணீர் வந்து சேராததால் போட்டுவைத்த நிலம் தரிசு. உப்பேறி, போட்ட விதையையே கொன்றுவிடும் நிலம் களர். தரிசுக்கு உழவும் தண்ணீரும் போதும். களரில் மண்ணையே மாற்ற வேண்டியிருக்கும். தலையில் முடியில்லாத இடத்தைப் பற்றி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வியும் இதுவே: அது தரிசா, களரா? களர் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. தரிசுதான் என்பதற்கு வலுவான சான்று 2011ஆம் ஆண்டில் கிடைத்தது. இன்று சோதனைக்கூடங்களில் நடக்கும் துணிச்சலான முயற்சிகளில் ஒரு பாதி அந்தச் சான்றை நம்பியே நடக்கிறது. மறு பாதி, புதிய மயிர்க்காலையே வெளியில் வளர்த்துக் கொண்டுவந்து நடுவதற்கான முயற்சி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ சுவரொட்டியில் காணும் ‘ஸ்டெம் செல் முடி சிகிச்சை’ என்ற சொற்களுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதைக் கணிக்க முடியும்.

முதலில், முடி கொட்டுவதெல்லாம் வழுக்கை ஆகாது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உள்ள காலக்கணக்கு சரியானது. பிரசவத்துக்குப் பிறகு ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போகும் முடிகள் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து உதிர்கின்றன. குழந்தை முகம் பார்ப்பதும் அந்த மாதங்களில்தான். டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் தானாகவே மீண்டுவிடும். காசளவுக்கு வட்டமாக விழும் புழுவெட்டு வேறு. புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடலின் நோய் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. மூன்றாவது வகைதான் நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் தொடங்கி மெல்லப் பரவும் வழுக்கை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் இதற்குப் போர்த் தண்ணீரின் உப்பைக் குறை சொல்வார்கள்; வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் அங்கே குளித்த தண்ணீரைக் குறை சொல்வார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி உடையவைக்கலாம். மயிர்க்காலைச் சுருக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நம் பிள்ளைகள் விமானம் ஏறும் வயதும் வழுக்கை தலைகாட்டும் வயதும் ஒன்றாக அமைந்துவிட்டதால் வந்த பழி அது என்பது என் எண்ணம்.

மயிர்க்கால் என்பது தோலுக்குள் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் அமைந்த ஒரு சிறு உறுப்பு. பிறந்தபின் அது பலமுறை சிதைந்து பலமுறை தன்னைத்தானே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ச்சி, இரண்டு மூன்று வாரம் சுருக்கம், மூன்று மாதம் போல ஓய்வு, பிறகு பழைய முடி உதிர்ந்து புதிய முடி. தலையில் உள்ள சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்களும் தனித்தனிக் கணக்கில் இந்தச் சுற்றை நடத்துவதால்தான் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்ந்தும் நமக்குத் தெரிவதில்லை. சமயபுரத்திலும் வைத்தீஸ்வரன் கோயிலிலும் மொட்டை போட்டால் முடி அடர்ந்து வரும் என்ற நம்பிக்கை ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். கத்தி தொடுவது தோலுக்கு வெளியே உள்ள உயிரற்ற இழையை மட்டுமே. எத்தனை முடி, எவ்வளவு தடிமன் என்பதைத் தீர்மானிக்கும் இடம் கத்திக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. அந்த ஆழத்தின் அடிமட்டத்தில் பாப்பிலா என்ற சிறு செல்குவியலும், சற்று மேலே பக்கச்சுவரில் ஸ்டெம் செல்களும் உள்ளன. தமிழில் குருத்தணு என்று எழுதப்படும் ஸ்டெம் செல்கள் விதை என்றால், பாப்பிலாவை முறை வைத்து மடை திறந்துவிடும் ஆளாகக் கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதன் கட்டளை வந்தால்தான் விதை முளைக்கும்.

வழுக்கையில் இந்தக் கட்டளை மங்குகிறது. இதில் ஆண் இயக்குநீருக்குப் பங்கு உண்டு என்பதை 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பரம்பரையில் வழுக்கை இருந்தவர்களுக்கு விழுந்தது. அடுத்த துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தில், பெண் குழந்தைகளாக வளர்க்கப்பட்டுப் பருவ வயதில் ஆணுடல் பெறுபவர்களைப் பற்றி ஜூலியன் இம்பெராட்டோ–மெக்கின்லி குழுவினர் 1974இல் எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டி.ஹெச்.டி.யாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு; பிற்காலத்தில் புராஸ்டேட் சுரப்பி பெருப்பதில்லை, தலையில் வழுக்கையும் விழுவதில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1992இல் அமெரிக்காவில் புராஸ்டேட்டுக்காகவும், 1997இல் ஒரு மில்லிகிராம் அளவில் வழுக்கைக்காகவும் அனுமதி பெற்றது. மற்றொரு மருந்தான மினாக்சிடில், இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தபோது உடம்பெல்லாம் முடி வளர்ந்த பக்கவிளைவிலிருந்து கண்டெடுக்கப்பட்டு, 1988இல் தலையில் தடவும் மருந்தாயிற்று. இன்று தெருமுனை மருந்துக்கடையில் கிடைப்பவை இவ்விரண்டுதான். இரண்டும் இருக்கும் முடியைக் காப்பதில் வல்லவை. போனதைத் திருப்பித் தருவதில் அரைகுறை. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

முடி நடவு என்று பலரும் சொல்லும் அறுவை முறையை டெல்டாக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவதேதான். பின்னந்தலையில் எடுத்த மயிர்க்காலை உச்சியில் வைத்தாலும் அது தன் பிறந்த இடத்தின் குணத்தோடு, டி.ஹெச்.டி.க்கு மசியாமல் வளர்கிறது என்பதை நியூயார்க்கின் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எழுதினார். ஆனால் இந்த நாற்றங்காலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. தலையில் மொத்த மயிர்க்கால் எண்ணிக்கை கூடுவதே இல்லை, இடம் மட்டும் மாறுகிறது. பின்னந்தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது சில ஆயிரம் என்ற நிலையில், உச்சி முழுவதும் இழந்தவருக்கு அது போதாது. ஒரு நாற்றை நூறாகப் பெருக்க முடிந்தால்? வருங்காலச் சிகிச்சைகளிலேயே மிக அதிகமாகப் பேசப்பட்டதும், மிக அதிகமாகத் தோற்றதும் இந்தக் கேள்விதான். அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1984இல் காலின் ஜஹோடா, ஹார்ன், ஆலிவர் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலியின் மீசை மயிரிலிருந்து எடுத்த பாப்பிலா செல்களைத் தட்டில் வளர்த்து, மயிர்க்காலின் அடிப்பகுதி வெட்டப்பட்ட இடத்தில் திரும்ப வைத்தபோது முடி முளைத்தது. விதையைத் தொடாமல், மடை திறப்பவரை மட்டும் பெருக்கினாலே போதும் என்பது அதன் பொருள். 1999இல் ஜஹோடாவும் அவர் மனைவியும் ஆய்வாளருமான அமாண்டா ரெனால்ட்சும் மனிதரில் இதைச் செய்துகாட்டினார்கள். ஜஹோடாவின் தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால் உறைச் செல்கள் ரெனால்ட்சின் முன்கையில் வைக்கப்பட்டன. அங்கே புதிய முடிகள் முளைத்தன. மற்றொருவரின் செல் என்று உடல் அவற்றை ஒதுக்கவும் இல்லை. இன்னும் ஐந்து ஆண்டு, மிஞ்சினால் பத்து ஆண்டு என்ற பேச்சு அப்போது கிளம்பியது. அந்தப் பேச்சு இன்றுவரை நிற்கவில்லை, காலக்கெடு மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

தடை எங்கே வந்தது என்றால், மனித பாப்பிலா செல்களின் மறதியில். எலியின் செல்கள் தட்டில் சில சுற்றுப் பெருகிய பிறகும் தம் வேலையை நினைவில் வைத்திருக்கின்றன. மனிதச் செல்களோ தட்டையான பரப்பில் பரவத் தொடங்கியதும் தாங்கள் யார் என்பதை மறந்து சாதாரணத் தோல் செல்களைப் போல ஆகிவிடுகின்றன. மனிதரில் முதலில் பலித்தது, வளர்க்காமல் அப்படியே எடுத்துவைத்த செல்களால் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். பெருக்கினால் மறதி, பெருக்காவிட்டால் பயனில்லை. பிரிட்டனின் இன்டர்சைடெக்ஸ் நிறுவனம் இரண்டாம் கட்டச் சோதனை வரை வந்து கைவிட்டது. ஜப்பானின் விக் தயாரிப்பு நிறுவனமான அடெரான்ஸ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு நிறுவனமும் 2013இல் ஓய்ந்தது. விக் விற்பவரே வழுக்கைக்கு மருந்து தேடப் பணம் போட்டார் என்பதில் ஒரு நகைமுரண் இருந்தாலும், அந்தத் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே 2013இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் ஜஹோடாவும் கிளேர் ஹிக்கின்சும் அந்த மறதிக்கு ஓர் எளிய மருந்தைக் காட்டினார்கள். செல்களைத் தட்டில் பரப்பாமல், தலைகீழாகத் தொங்கும் ஊடகத் துளிக்குள் விட்டார்கள். அவை உருண்டு திரண்டு சிறு பந்துகளாயின. கூட்டமாக இருந்ததும் பழைய நினைவில் ஒரு பகுதி திரும்பியது. மரபணுச் செயல்பாட்டில் மீண்டது சுமார் 22 விழுக்காடுதான். அதுவே போதுமானதாக இருந்தது: ஏழு பேரின் செல்களை முடியே முளைக்காத மனிதத் தோல் துண்டுகளில் வைத்து எலியின் முதுகில் ஒட்டியபோது, ஐவரின் செல்கள் முடியை முளைக்கச் செய்தன. 2019இல் இதே குழு, முப்பரிமாண அச்சில் வார்த்த அச்சுக்குழிகளைப் பயன்படுத்தி மயிர்க்கால்களை வரிசையாக உருவாக்கியது. ஜப்பானில் தகாஷி சுஜியின் குழு வேறு வழியில் போய், பாப்பிலா, ஸ்டெம் செல் ஆகிய இரு வகைகளையும் சேர்த்து முளையாக்கி எலியின் தோலில் நட்டது. அந்த முடி நரம்போடும் தசையோடும் இணைந்து, உதிர்ந்து மறுபடி முளைத்ததை 2012இல் வெளியிட்டார்கள். 2020இல் கார்ல் கோலர் குழுவினர் மனித ஸ்டெம் செல்லிலிருந்து நாலைந்து மாதம் வளர்த்து, முடியோடு கூடிய தோலையே குடுவையில் உருவாக்கினார்கள். யோகோஹாமாவில் 2022இல் எலிக் கருவின் செல்களை வைத்து, 23 நாளில் மூன்று மில்லிமீட்டர் நீள முடியை உடலுக்கு வெளியிலேயே வளர்த்தார்கள்.

இவ்வளவும் வந்த பிறகும் கடைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமே. முடி முளைப்பது வேறு, தலைமுடியாக முளைப்பது வேறு. நம் ஒவ்வொருவர் தலையிலும் சுழி இருக்கிறது. அந்தச் சுழியைச் சுற்றி ஒவ்வொரு முடியும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்து வளர்கிறது. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று கேலி பேசும் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஊசி வழியாகச் செலுத்திய செல்கள் எந்தத் திசையில் முளைக்கும், என்ன நிறத்தில் முளைக்கும், உரிய காலத்தில் உதிர்ந்து மீண்டும் வருமா, வெளியில் பெருக்கிய செல் தோலுக்குள் அடங்காமல் பெருகிக் கட்டியாகிவிடாதா என்ற நான்குக்கும் ஒருசேர விடை வேண்டும். மனிதரிடம் முறையாகச் சோதித்து வெளியிடப்பட்ட முடிவு ஒன்று ஜப்பானிலிருந்து 2020இல் வந்தது. ஷிசைடோ நிறுவனத்தின் துணையோடு, பின்னந்தலை மயிர்க்காலின் அடியுறைச் செல்களைப் பெருக்கி, 65 பேரின் உச்சியில் சிறு பகுதிகளில் செலுத்தினார்கள். ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் வெறும் திரவம் செலுத்திய பகுதியைவிடச் செல் செலுத்திய பகுதியில் அடர்த்தி கூடியிருந்தது. வியப்பு என்னவென்றால், மூன்று அளவுகளில் குறைந்த அளவே பலன் தந்தது. கூடுதல் தூவினால் கூடுதல் விளைச்சல் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. தீங்கு ஏதும் பெரிதாக இல்லை. பலனும் கண்ணாடியில் பார்த்து மலைக்கும் அளவில் இல்லை.

இனி மற்ற பாதி. 2011இல் லூயிஸ் கார்சா, ஜார்ஜ் காட்சரெலிஸ் ஆகியோர், முடி நடவு செய்துகொண்ட ஆண்களிடமிருந்து வழுக்கைத் தோலையும் முடியுள்ள தோலையும் பெற்று ஒப்பிட்டார்கள். ஸ்டெம் செல் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குறைந்திருந்தது அடுத்த படியில் வரும், வேலையில் இறங்கும் செல்கள். அதாவது விதை கெடவில்லை, முளைக்கவில்லை. வழுக்கைத் தலையை உருப்பெருக்கியில் பார்த்தால் பூனைமுடி போன்ற மெல்லிய இழைகள் தெரிவதும் இதனால்தான். தீக்காயத்தாலோ தழும்பு விடும் தோல் நோயாலோ மயிர்க்காலே அழிந்த இடம் மட்டும்தான் களர். அங்கே விதையும் இல்லை. பரம்பரை வழுக்கை தரிசு. நடவைப் பற்றிய கவலையை விட்டு, தூங்கும் செல்லை எழுப்புவது எப்படி என்று பலரும் தேடத் தொடங்கியது இந்த முடிவுக்குப் பிறகு வேகம் பெற்றது.

அந்தத் தேடலில் இப்போது அதிகம் கவனிக்கப்படுவது பி.பி.405 என்ற பூச்சு மருந்து. லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் லோரி, ஹீதர் கிறிஸ்டோஃப்க் குழுவினர் 2017இல் கண்டது இது: மயிர்க்காலின் ஸ்டெம் செல்கள் சர்க்கரையைச் சிதைத்து லாக்டேட் ஆக்கும் வழியை அதிகம் நம்பியிருக்கின்றன, லாக்டேட் கூடினால் விழித்துக்கொள்கின்றன. சர்க்கரை சிதைந்து உண்டாகும் பைருவேட், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழையும் வாசலை அடைத்தால், அது போக வழியின்றி லாக்டேட் ஆகும். பி.பி.405 செய்வது இதையே; கீழ்மடையை அடைத்து வாய்க்காலில் நீர் ஏற்றுவது போன்ற வேலை. அந்த மருந்தை உருவாக்கும் பெலாஜ் என்ற நிறுவனம் 2025இல் அறிவித்த இரண்டாம் கட்டத் தொடக்கச் சோதனையில், முடி இழப்பு அதிகமாக இருந்த ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கு எட்டாம் வாரத்தில் அடர்த்தி 20 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. மருந்தில்லாப் பூச்சு பெற்றவர்களில் ஒருவருக்கும் அப்படிக் கூடவில்லை. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் பங்கேற்றவர்கள் நூறு பேரைத் தாண்டாத சிறு சோதனை அது; சொல்வதும் மருந்தின் உரிமையாளரே.

இன்னொரு துப்பு மச்சத்திலிருந்து வந்தது. மச்சத்தில் முடி முளைத்தால் யோகம் என்பார்கள். கலிபோர்னியாவின் எர்வைன் நகரில் மாக்சிம் பிளிகஸ் கேட்ட கேள்வி, அங்கே மட்டும் ஏன் அவ்வளவு தடித்து முளைக்கிறது என்பது. அவர் குழு 2023இல் தந்த விடை வயோதிகம் பற்றிய பொதுவான எண்ணத்தையே புரட்டிப்போட்டது. மச்சத்தில் குவிந்துள்ள நிறமிச் செல்கள் பெருக்கத்தை நிறுத்திவிட்ட, முதுமையடைந்த செல்கள். அவை ஆஸ்டியோபான்டின் என்ற புரதத்தைச் சுரக்க, அது பக்கத்தில் உள்ள ஸ்டெம் செல்லின் ஏற்பியை, அதாவது வெளிக் கட்டளையை வாங்கும் புரதத்தை, தட்டி எழுப்புகிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து இளையவர்களை விரட்டி வேலை வாங்குவது நினைவுக்கு வருகிறது. இதை ஊசி மருந்தாக்கும் முயற்சி நடக்கிறது.

காயத்தின் வழியாக எழுப்புவது மற்றொரு யோசனை. பெரிய காயம் ஆறும்போது எலியின் தோலில் நடுவே புத்தம்புதிய மயிர்க்கால்கள் உருவாவதை 2007இல் காட்சரெலிஸ் குழுவினர் காட்டினார்கள். பிறந்த பிறகு புதிய மயிர்க்கால் உருவாகவே உருவாகாது என்ற பாடம் அத்துடன் ஆட்டம் கண்டது. மனிதரில் அந்த அளவுக்குக் காயம் செய்வது முறையல்ல என்பதால் நுண்ணூசி உருளைகள் வந்தன. இதில் நம் நாட்டுப் பங்கு உண்டு. மும்பையில் ரசிதா துரத் குழுவினர் நூறு ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், மினாக்சிடில் மட்டும் தடவியவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் குறித்த பரப்பில் சராசரியாக 22 முடி கூடியது. வாரம் ஒருமுறை நுண்ணூசியும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு 91 கூடியது. இது புதிய மயிர்க்காலைத் தருவதல்ல, மருந்துக்கும் விழிப்புக்கும் உதவுவது என்றே கொள்ள வேண்டும். இணையத்தில் வாங்கிய உருளையை ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது கிருமியைப் பங்கிட்டுக்கொள்வது மட்டுமே.

இயக்குநீரைத் தோலிலேயே மறிக்கும் கிளாஸ்கோடெரோன் போன்ற பூச்சுகள், அந்த இயக்குநீரை வாங்கும் ஏற்பியின் மரபணுக் கட்டளையைத் துண்டிக்கும் சிறு ஆர்.என்.ஏ. ஊசிகள் ஆகியவை பழைய வழியின் திருத்திய பதிப்புகள். உடல் முழுவதும் இயக்குநீர் குறைவதால் ஃபினாஸ்டரைடில் சிலருக்கு வரும் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகளைத் தவிர்ப்பது அவற்றின் நோக்கம். மரபணுவையே திருத்துவது பற்றிய பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரிட்டனில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுக்களை அலசிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள இடங்கள் 287 என்று எண்ணியது. தாய்மாமன் தலையைப் பார்த்தால் போதும் என்ற ஊர்க் கணிப்பில் சிறிது உண்மை உண்டு, ஏனென்றால் ஆண் இயக்குநீர் ஏற்பியின் மரபணு தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆனால் மீதி மரபணுக்கள் இரு வழியிலும் வருகின்றன.

உண்மையில் புரட்சி என்று சொல்லத்தக்கது நடந்தது வழுக்கையில் அல்ல, புழுவெட்டில். 2014இல் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், உடலில் ஒரு முடிகூட இல்லாத இளைஞருக்குச் சொரியாசிசுக்காகக் கொடுத்த டோஃபாசிடினிப் மாத்திரையால் தலைமுடியும் புருவமும் முளைத்ததை எழுதினார்கள். எதிர்ப்புச் செல்களுக்குள் ஜாக் என்ற நொதியைத் தடுக்கும் மருந்து அது. அதே வகையைச் சேர்ந்த பாரிசிடினிப் 2022இலும், ரிட்லெசிடினிப் 2023இலும் அமெரிக்காவில் கடும் புழுவெட்டுக்கு அனுமதி பெற்றன. பாரிசிடினிப்பின் இரு பெரிய சோதனைகளில், கூடிய அளவு பெற்றவர்களில் மூவரில் ஒருவருக்கும் சற்று மேற்பட்டோர் 36 வாரத்தில் தலையின் எண்பது விழுக்காட்டுப் பரப்பில் முடி பெற்றார்கள். தொற்றுநோய் அபாயம் உண்டு, நிறுத்தினால் திரும்பவும் கொட்டலாம், இரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கும் நம் கைவைத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல்: ஈராக்கில் 2002இல் வெங்காயச் சாற்றைச் சோதித்த சிறு ஆய்வு நல்ல பலனைச் சொன்னது. ஓரிரு வட்டங்கள் மட்டும் உள்ள புழுவெட்டு பலருக்குத் தானாகவே ஆறும் என்பதால் அதை வைத்து முடிவு கட்ட இயலாது. ஆனாலும் நகைத்துத் தள்ளவும் வேண்டியதில்லை. பரம்பரை வழுக்கைக்கு வெங்காயமும் உதவாது, ஜாக் மருந்தும் உதவாது.

எலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுவிடும். சோதனைக்கூட எலியின் முதுகு மயிர் நம் தலையைப் போலத் தனித்தனிக் கணக்கில் வளர்வதில்லை. ஒரே முறையில் நட்ட குறுவையைப் போல அலை அலையாக ஒருசேர வளர்ந்து ஒருசேர ஓய்கிறது. ஓய்ந்த நேரத்தில் சிரைத்துவிட்டு எதையாவது தடவினால், சில நாள் முன்கூட்டி விழித்தாலே பெரிய வெற்றியாகத் தெரியும். மேலும், எலிக்கு வழுக்கை விழுவதில்லை. இல்லாத நோயைக் குணப்படுத்தியதாக வரும் செய்திகளைக் கணக்கெடுத்தால் வழுக்கை பலமுறை ஒழிந்திருக்க வேண்டும். 2024இல் இங்கிலாந்து, பாகிஸ்தான் ஆய்வாளர்கள் எலியின் மீது சர்க்கரை வகைக் கூழ் ஒன்றைத் தடவி முடி வளர்த்த செய்தி வாட்ஸ்அப்பில் எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பது நினைவிருக்கலாம். மனிதரில் சறுக்கியதற்கும் சான்று உண்டு. புராஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருள் வழுக்கைத் தோலில் மிகுதியாக இருப்பதை 2012இல் கண்டார்கள். அதன் ஏற்பியைத் தடுக்கும் செடிபிப்ராண்ட் மாத்திரையை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தில்லா மாத்திரையைவிட மேலான பலன் இல்லை.

தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் போன்ற நகரங்களில் இப்போது பெருகியுள்ள முடி மருத்துவ நிலையங்களில் ‘ஸ்டெம் செல்’, ‘எக்ஸோசோம்’ என்ற பெயர்களில் விற்கப்படுபவை மேலே விவரித்த ஆய்வுகளின் விளைபொருள் அல்ல. பெரும்பாலும் அது நம் இரத்தத்திலிருந்தே பிரித்த தட்டணுச் செறிவாகவோ, செல்கள் சுரந்த நுண்பைகள் கொண்ட திரவமாகவோ இருக்கும். தட்டணு ஊசிக்குச் சிலரிடம் ஓரளவு பலன் உண்டு. அதற்கு ஸ்டெம் செல் என்று பெயர் சூட்டுவதுதான் தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். சோதனை என்றால் அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண்ணோடு இருக்கும். யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். சோதனை மருந்துக்குப் பணம் கேட்க மாட்டார்கள். முன்பணம் கட்டி, மாதத் தவணை பேசி, பெயரை மட்டும் சோதனைச் சிகிச்சை என்று சொன்னால் அது வியாபாரம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு; குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நிலைகளின் பட்டியல் அது. புற்றுநோய், கண்புரை போன்றவற்றோடு, முடியின் நிறம் மாற்றுவதும் புதிய முடி முளைக்கச் செய்வதும் அதில் இருக்கின்றன. கையாந்தகரை எண்ணெய்ப் புட்டியின் விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. அந்த எண்ணெயின் மீது எனக்குப் பகையில்லை. உச்சிக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

அறுவை முடி நடவிலும் கவனம் வேண்டும். பட்டறை வகுப்பிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு யாரும் செய்யக்கூடியதல்ல, முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவுபடுத்தியது. மயக்க மருந்தைக் கையாளவும் ஒவ்வாமை வந்தால் சமாளிக்கவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் போகும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

எப்போது வரும் என்ற கேள்விக்குத் தேதியோடு விடை சொல்பவரை நம்ப வேண்டாம். என் கணிப்பைச் சொல்வதென்றால், தூங்குவதை எழுப்பும் பூச்சுகள் முதலில் வரும். வழுக்கை விழுந்து சில ஆண்டுகளே ஆனவருக்கு அவை அதிகம் பயன்படும். செல்லைப் பெருக்கி நடும் முறை அதற்கு வெகு பின்னால்தான் வரும். வந்தாலும், ஒவ்வொருவர் செல்லையும் தனித்தனியாக வளர்க்க வேண்டியிருப்பதால் விலையும் எளிதில் இறங்காது. தீக்காயத்தால் களராகிப்போன தலைக்கு ஒருநாள் உதவக்கூடியது மட்டும் கோலரின் குடுவைத் தோல்தான். அங்கே எழுப்புவதற்கு எதுவும் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. எட்டு வாரம், 36 வாரம், ஒன்பது மாதம் என்றே சோதனைகள் முடிகின்றன. மனிதத் தலையில் ஒரு முடியின் ஒரு சுற்றோ இரண்டு முதல் ஆறு ஆண்டு. முளைத்த முடி தன் காலம் முடிந்து உதிர்ந்த பிறகு, அதே இடத்தில் அதே தடிமனில் மறுபடி முளைக்கிறதா என்பதை எட்டாம் வாரத்துப் புகைப்படத்தால் காட்ட முடியாது. இன்று சோதனையில் சேர்ந்தவர்களின் தலையை இன்னும் ஆறு ஆண்டு கழித்து யாராவது திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும்.